பட்டணத்துக்குள் நன்றாக ஓடும் டபிள் கப் பிக்கப் ஆனையிறவில் ஏன் மூச்சு வாங்குகிறது?

எஞ்சினுக்கு டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்பை மாற்றுவதா, காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவை மாற்றுவதா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு முறை வாசித்தபோது, உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று என்று தோன்றியது: பெரிய செலவில் கை வைப்பதற்கு முன், பிழை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை எப்படி உறுதிப்படுத்துவது என்பதே அது. நீங்கள் தந்த விபரம் இவ்வளவுதான். நான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய, 2008ஆம் ஆண்டு ஜப்பானியத் தயாரிப்பான, 2.5 லீற்றர் கொமன் ரெயில் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்ரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) டீசல் எஞ்சின் கொண்ட டபிள் கப், கை கியர், மீற்றரில் 2,40,000 கிலோமீற்றர். யாழ்ப்பாணப் பட்டணத்துக்குள் ஒரு குறையும் இல்லை, காலையில் உடனே ஸ்ராட் ஆகிறது. ஏ-9 வீதியில் கொடிகாமம் தாண்டி 75, 80 இல் சிறிது நேரம் ஓடியதும் இழுவை குறைகிறது, அக்சிலேற்றரை அடிவரை மிதித்தாலும் வேகம் இறங்குகிறது, புகை இல்லை, எச்சரிக்கை விளக்கும் எரிவதில்லை. இயக்கச்சியில் தேநீர் குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி 15, 20 கிலோமீற்றர் நன்றாக ஓடுகிறது. டீசல் பில்ரரை மாற்றியாயிற்று என்று விற்றவர் சொன்னார். ஒரு கராச்சில் பம்ப் என்றும், இன்னொன்றில் டர்போ என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில், பட்டணத்துக்குள் சரியாக ஓடும் வாகனம் நெடுஞ்சாலையில் ஏன் தோற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, அதை வெல்லத் தேவையான வலு வேகத்தின் கனத்தோடு (மூன்றாம் அடுக்கோடு) கூடுகிறது. ஆகவே 40 இல் ஓடும்போது காற்றை வெல்லச் செலவாகும் வலுவைப்போல எட்டு மடங்கு 80 இல் தேவைப்படும். கஸ்தூரியார் வீதியில் மூன்றாம் கியரில் ஊர்ந்து போகிற எஞ்சின் தன் வலுவில் ஒரு சிறு பங்கைத்தான் தருகிறது. எரிபொருள் வரத்தில் பாதி அடைபட்டிருந்தாலும் அந்தச் சிறு பங்குக்கு அது போதும். ஆனையிறவு வெளியில் தென்மேற்குக் காற்றான சோளகம் அடிக்கும் மாதங்களில் நிலைமை இன்னும் மோசம். வவுனியாப் பக்கம் போகும்போது அந்தக் காற்று வலப்பக்க முன்புறத்திலிருந்து தாக்கும். அதில் மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்முகமாக வந்தாலே, 80 இல் ஓடும் வாகனம் 100 இல் ஓடும் வாகனத்தின் காற்றெதிர்ப்பைச் சந்திக்கிறது, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். போகும்போது மோசம், திரும்பி வரும்போது பரவாயில்லை என்று நீங்கள் உணர்ந்திருந்தால் அதற்குக் காற்று மட்டுமே காரணமாக இருக்கலாம்; அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

வேகத்தில் திணறும் எந்த வாகனத்திலும் நான் முதலில் பிரித்துப் பார்ப்பது, எஞ்சினில் வலு பிறக்கவில்லையா, பிறந்த வலு சில்லுக்குப் போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்த வலுவை ஏதாவது பிடித்து இழுக்கிறதா என்பதைத்தான். இரண்டாவதைத் தள்ளிவிடுவது இலகு. கிளச் வழுக்கினால் மிதிக்கும்போது எஞ்சினின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. உங்கள் வாகனத்தில் வேகத்தோடு சுற்றும் சேர்ந்தே இறங்குகிறது என்றால் கிளச் குற்றவாளி அல்ல. மூன்றாவதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். முதலாவதுதான் பெரும்பாலும் உங்கள் வழக்கு என்று நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியதில் மிகப் பெறுமதியான வரி அந்தத் தேநீர்தான். பத்து நிமிட ஓய்வில் குணமாகும் நோய் தேய்மானத்தால் வந்த நோயாக இருப்பது அரிது. தேய்ந்துபோன பம்பும் கசியும் இன்ஜெக்ரரும் சூடேறச் சூடேற மோசமாகும் என்பது உண்மையானாலும், பத்து நிமிடத்தில் எஞ்சின் அவ்வளவு ஆறிவிடாது. மறுபடி 15 கிலோமீற்றர் சுகமாக ஓடவும் விடாது. அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று காரியங்களுள் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஒன்று, சாவியை நிறுத்தியதால் எஞ்சினின் கணினி தன் தற்காப்பு நிலையிலிருந்து மீண்டிருக்கலாம்: ஏதாவது ஒரு சென்சரின் கணக்குப் பிழைத்தால் இந்த எஞ்சின்கள் தம்மைத் தாமே கட்டுப்படுத்தி, சாவியை மறுபடி போடும்வரை அரை வலுவில் ஓடும். இரண்டு, டீசல் தாங்கிக்குள் உறிஞ்சு குழாயின் வாய்வலையில் ஒட்டியிருந்த அழுக்கு, உறிஞ்சல் நின்றதும் கழன்று அடியில் விழுந்திருக்கலாம். அல்லது தாங்கிக்குள் உருவான வெற்றிடம் மெல்ல மெல்லக் காற்றால் நிரம்பியிருக்கலாம். மூன்று, பிடித்துக்கொண்டிருந்த பிறேக் ஆறி விட்டுக் கொடுத்திருக்கலாம்.

இந்த மூன்றையும் வீதியோரத்திலேயே, ஒரு சதமும் செலவில்லாமல் பிரித்தறியலாம். அடுத்த முறை இழுவை குறைந்ததும் பாதுகாப்பான அகன்ற ஓரத்தில் நிறுத்துங்கள். முதல் வேலையாக எரிபொருள் மூடியைத் திறந்து, காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். எஞ்சின் எடுத்துக்கொண்ட டீசலின் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். அதற்கான வழி மூடியிலோ மூச்சுக் குழாயிலோ அடைபட்டிருந்தால் சீறல் நன்றாகவே கேட்கும். பிறகு ஒவ்வொரு சில்லின் அருகிலும் கையைக் கொண்டுபோய் வெக்கையை ஒப்பிடுங்கள். தொடாதீர்கள், பிடித்துக்கொண்ட பிறேக் தோலை உரித்துவிடும். ஒன்று மட்டும் தனியே கொதித்தால் விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் வெப்பமானியின் ஊசியையும் ஒருமுறை பாருங்கள். இவை இரண்டும் ஒரு நிமிட வேலை. மற்றச் சோதனை இது: பத்து நிமிடம் காத்திராமல், சாவியை அரை நிமிடம் முழுதாக நிறுத்திவிட்டு உடனே எடுத்து ஓட்டுங்கள். உடனே முழு வலுவும் வந்தால் கணினியின் தற்காப்பு நிலை. அரை நிமிடம் போதாமல் நீண்ட ஓய்வுதான் வேண்டியிருந்தால் எரிபொருள் வரத்து. மூடியை ஒருமுறை திறந்துவிட்டால் வெற்றிடம் போய்விடும் என்பதால், முதல் நாள் மூடியையும் சில்லுகளையும் பாருங்கள், சாவிச் சோதனையை மூடியைத் தொடாமல் இன்னொரு நாள் செய்யுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

இன்னொரு குறிப்பையும் ஞாபகத்தில் வைத்திருங்கள். தாங்கி நிறைய இருக்கும்போது கோளாறு சீக்கிரம் வந்தால் மூச்சு வழியைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் நிறைந்த தாங்கியில் டீசலுக்கு மேலுள்ள காற்றிடம் குறைவு, ஒன்றிரண்டு லீற்றர் போனாலே வெற்றிடம் உண்டாகும். கால் தாங்கியில் ஓடும்போது சீக்கிரம் வந்தால், அடியில் கலங்கும் அழுக்கையும் நீரையும் சந்தேகியுங்கள்.

புகை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது எரிபொருள் பக்கத்தையே காட்டுகிறது என்பது என் கணிப்பு. அழுக்கான காற்றுப் பில்ரர், டர்போவிலிருந்து வரும் காற்றை ஆற்றும் இன்ரகூலரின் கிழிந்த ஹோஸ், இறுகிய டர்போ ஆகியவற்றில் காற்றுக் குறைகிறது, டீசல் மிஞ்சுகிறது, பின்னால் வருபவருக்குக் கறுப்புப் புகை தெரியும். டீசலே குறைந்தால் எரிய ஒன்றும் இல்லாததால் புகையும் இல்லை. இதை முழுத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும்: காற்றுக் குறைவைக் கணினி கண்டுகொண்டால் டீசலையும் அதற்கேற்பக் குறைத்துவிடும், அப்போது டர்போக் கோளாறிலும் புகை அதிகம் வராது. அத்துடன், ஓட்டுநர் தன் புகையைத் தானே பார்ப்பதில்லை. ஒரு நண்பரைப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லி அவர் சொல்வதைக் கேளுங்கள்.

எரிபொருள் வரத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் கைக்காசு வீணாகிறது. உங்கள் வாகனத்தின் காலத்து ஜப்பானியப் பிக்கப்களில் பெரும்பாலானவற்றில் தாங்கிக்குள் மின்பம்ப் கிடையாது. முன்னாலுள்ள உயர் அழுத்தப் பம்பே தன் உள்ளிருக்கும் சிறு பம்பால் டீசலைப் பின்னாலிருந்து உறிஞ்சுகிறது. ஆகையால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் எங்கேனும் குழாய் வெடித்திருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஈரம் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று நினைப்பது இங்கே தவறு. பில்ரரின் தலையிலுள்ள கைப்பம்பை அழுத்திப் பாருங்கள். சில அழுத்தலில் கல்லுப்போல இறுக வேண்டும். இறுகாமல் மெத்தென்றிருந்தால் காற்று உள்ளது. பில்ரருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு முழ நீளத்துக்குத் தெளிந்த, டீசலுக்குத் தாங்கும் குழாயைப் பூட்டினால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

பில்ரரை மாற்றியாயிற்று என்று விற்றவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை நான் பொய்யர் என்று சொல்லவில்லை, ஆனால் பில்ரரைக் கழற்றி அடியிலுள்ள நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுக்காமல் அந்தச் சொல்லை நம்புவதும் இல்லை. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் தெரியும், அந்த ஆண்டு இங்கே டீசல் எத்தனை விதமான பரலிலும் கானிலும் தங்கியிருந்தது என்று. துருப்பிடித்த பரலில் இருந்த டீசல் தாங்கிக்குள் போன வாகனங்களை அதற்குப் பின் நான் பலமுறை திறந்திருக்கிறேன். வாய்வலையில் தேயிலைச் சாயம் போன்ற பசையும், அடியில் காபி வண்டல் போன்ற துருவும் இருக்கும். அப்படியான தாங்கியை இறக்கிக் கழுவாமல் பில்ரரை எத்தனை தடவை மாற்றினாலும், ஒவ்வொரு தடவையும் சில வாரம்தான் சுகம்.

மண்ணெண்ணெய் கலந்த டீசல் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கையாளாக வேலை பழகிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடைக்குள் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அந்தக் காபுரேற்றர்கள் எதையும் பொறுத்தன. கொமன் ரெயில் பம்ப் பொறுக்காது. அதற்குள் உராயும் உலோகங்களுக்கு டீசலே ஒயில், மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு. பழைய பழக்கத்தில் யாராவது கலந்து ஓட்டியிருந்தால் பம்ப் தேய்ந்திருக்கவே செய்யும், அப்போது உங்கள் முதலாவது கராச்காரர் சொன்னதே சரியாகிவிடும். அதனால்தான் பம்பை நான் முற்றாக விடுவிக்கவில்லை.

பம்பா, தாங்கிப் பக்கமா என்பதைத் தீர்க்க ஒரு பழைய வழி உண்டு. சுத்தமான கானில் நல்ல டீசலை நிரப்பி, பில்ரருக்குப் போகும் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் அதற்குள் விட்டு, தாங்கியை முற்றாக விலக்கி ஓட்டிப் பார்ப்பது. கானைப் பின்பெட்டியில் அசையாமல் கட்ட வேண்டும். ஆட்கள் இருக்கும் அறைக்குள்ளோ, சைலன்சர் குழாய்க்கு அருகிலோ வைக்கவே கூடாது, தீயணைப்பானும் கையில் இருக்க வேண்டும். இது பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் தனியே செய்ய வேண்டாம். கானில் ஓடும்போது ஆனையிறவு தாண்டியும் இழுவை குறையவில்லை என்றால் பம்பும் இன்ஜெக்ரரும் நிரபராதிகள். இந்தச் சோதனைக்குப் போகும் நேரம் அரைநாள். பம்பை மாற்றிய பிறகும் அதே இடத்தில் வாகனம் திணறினால் போகும் பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஞ்சினின் கணினியை வாசிக்கும் ஸ்கானர் இல்லாமல் இந்த எஞ்சின்களில் பம்ப் என்றோ டர்போ என்றோ தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஸ்கானரைப் பூட்டிக் கோளாறுக் குறியீடு இல்லை என்றதும் கழற்றிவிடுவதும் போதாது. முதலில் எச்சரிக்கை விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்: சாவியைப் போட்டு எஞ்சினை எடுக்காமல் நிற்கும்போது அது எரிய வேண்டும், எடுத்ததும் அணைய வேண்டும். முன்னதில் எரியவே இல்லையென்றால், விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது விற்பதற்காக யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். பிறகு, எஞ்சின் நின்றிருக்கும் அதே நிலையில் உள்ளெடுப்புக் குழாய் அழுத்தச் சென்சர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணம் கடல் மட்டத்திலேயே இருப்பதால் அது 100 கிலோபஸ்கால் அளவில் நிற்க வேண்டும். 90 என்றோ 110 என்றோ நின்றால் சென்சரே பொய் சொல்கிறது, அந்தப் பொய்யை நம்பிக் கணினி வலுவைக் குறைத்திருக்கலாம். மலைநாட்டு மெக்கானிக்குக் கிடைக்காத வசதி இது.

அடுத்து ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்ரர்களுக்கான அந்தப் பொதுக் குழாயிலுள்ள டீசலின் அழுத்தம். கணினி கேட்கும் அளவும் உண்மையில் இருக்கும் அளவும் ஸ்கானரில் இரண்டு வரிகளாக வரும். சும்மா நிற்கையில் 300 முதல் 400 பார் வரையிலும், முழுச் சுமையில் எஞ்சினைப் பொறுத்து 1,300, 1,600 பார் அளவிலும் இருக்கும். முழுச் சுமை கொடுக்க அதிவேகம் தேவையில்லை. நான்காம் கியரில் 40 இல் தொடங்கி அடிவரை மிதித்து 70 வரை கொண்டுபோனாலே பம்ப் முழுக் கேள்வியையும் சந்திக்கும். ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். ஆனால் உங்கள் கோளாறு நீண்ட ஓட்டத்தில் வருவதால், வரும்வரை ஓடி, வந்த பின் பார்ப்பதே முக்கியம். கேட்பது 1,300 ஆக இருக்க உள்ளது 900 இல் தங்கினால் டீசல் பற்றவில்லை. பி 0087 என்ற குறியீடும் இதையே சொல்லும். இரண்டும் சேர்ந்தே ஏறியிறங்கினால் டீசல் பக்கத்தை விட்டுவிட்டு டர்போவின் அழுத்தத்தைப் பாருங்கள். அது போதாவிட்டால் பி 0299, மிஞ்சினால் பி 0234. மிஞ்சுவதும் வலுவைக் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை: டர்போவின் அசையும் இதழ்கள் கரியில் இறுகி மூடியபடி நின்றால் அழுத்தம் அளவு கடக்கிறது, கணினி பயந்து வலுவை வெட்டிவிடுகிறது. உங்கள் இரண்டாவது கராச்காரர் சொன்னது சரியாக இருக்கக்கூடிய முக்கிய வழி இது என்று நினைக்கிறேன், அரை நிமிடச் சாவிச் சோதனை அதை வெளிப்படுத்தும். டர்போப் பக்கக் கோளாறு என்றானாலும் புதிய டர்போ வேண்டும் என்று அர்த்தமில்லை. இதழ்களை அசைக்கும் வெற்றிடக் குழாயில் ஒரு வெடிப்பு, அல்லது இதழ்களைக் கழற்றிக் கரி எடுத்தல், இவ்வளவில் முடிந்தவை பல.

தாங்கிப் பக்கம் சுத்தம் என்று உறுதியான பிறகும் ரெயில் அழுத்தம் தாழ்ந்தே இருந்தால், பம்புக்கு முன் நான்கு இன்ஜெக்ரர்களின் திரும்பும் டீசலை நான்கு சிறு போத்தல்களில் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் அழுத்தம் அதனூடாகத்தான் வழிந்து போகிறது. பம்பின் மேலுள்ள, டீசலை அளந்து விடும் வால்வு சிக்கினாலும் அழுத்தம் கெடும். ஆனால் அது சிக்கும்போது பெரும்பாலும் நிற்கையில் சுற்று ஏறி இறங்கும், வேகம் குறைத்து நிறுத்தும்போது எஞ்சின் அணையவும் பார்க்கும். நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லை.

பிடித்து இழுக்கும் காரணங்களில் பிறேக் முதன்மையானது, அதுவும் நம் கரையோரத்தில். குருநகர், பருத்தித்துறைப் பக்கம் மீன் ஏற்றிய பிக்கப்பின் பின்பெட்டியிலிருந்து உப்பும் ஐஸும் கலந்த நீர் பின்சில்லுகளில் ஆண்டுக்கணக்காகச் சொட்டியிருக்கும்; கைப்பிறேக் கம்பி உறைக்குள் துருப்பிடித்து முழுதாகத் திரும்பி வராது. சமதரையில் நியூற்றலில் விட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். முன்னைய சொந்தக்காரர் அழகுக்காகப் பெரிய ரயர் போட்டிருக்கிறாரா என்றும் கதவோரத் தகட்டோடு ஒப்பிடுங்கள். 255/70 15 இருந்த இடத்தில் 265/75 16 போட்டால் விட்டம் 738 மில்லிமீற்றரிலிருந்து 804 ஆகிறது, ஏறத்தாழ 9 வீதம். மீற்றர் 80 காட்டும்போது நீங்கள் 87 இல் போகிறீர்கள், கியரும் அந்தளவுக்குப் பாரமாகிறது. கைத்தொலைபேசியின் ஜீபிஎஸ் இதை ஒரு நிமிடத்தில் சொல்லும். ஆனால் ரயர் மாற்றம் எப்போதும் ஒரே மாதிரி இழுக்கும், தேநீர் குடித்தால் குறையாது. எனவே உங்கள் வழக்கில் அது கூடுதல் சுமையே தவிர மூலகாரணம் ஆகாது.

இனி, எட்டத்திலிருந்து சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்து வைக்கிறேன். எஞ்சின் அடிப்படையில் ஆரோக்கியமானது என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. காலையில் உடனே ஸ்ராட் ஆகும் டீசல் எஞ்சினில் அமுக்கம் போதுமானதாகவே இருக்கும். ஓய்வில் மீள்வதால் தேய்மானத்தைவிட அடைப்போ கணினியின் தற்காப்போதான் காரணம் என்பதிலும் ஓரளவு உறுதியாக இருக்கிறேன். தாங்கி, வாய்வலை, பில்ரர் என்று நான் சாய்வது அனுபவத்தின் ஊகம். சாவிச் சோதனையில் அரை நிமிடத்தில் வலு திரும்பினால் அந்த ஊகத்தைக் கைவிட்டு டர்போப் பக்கம் வருவேன். மீற்றரின் 2,40,000ஐ நான் சாட்சியாக எடுக்கவே இல்லை. உங்கள் எஞ்சின் ரைமிங் பெல்ற் உள்ளதாக இருந்து, அது எப்போது மாற்றப்பட்டது என்ற பதிவு இல்லையென்றால், இந்தக் கோளாறோடு சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை முதலில் மாற்றுங்கள். அறுந்தால் எஞ்சினே போய்விடும். தீரும்வரை ஆனையிறவில் லொறிகளை முந்தப் பார்க்காதீர்கள், பாதியில் வலு போனால் எதிரில் வருபவருக்கு உங்கள் பில்ரர் கதை தெரியாது.

இந்தக் கிழமை பில்ரரின் அடிக்குமிழைத் திறந்து வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, ஓர் இரவு அசையாமல் வைத்திருங்கள். நீர் இருந்தால் அடியில் தனிக் கோடாகப் பிரியும், துரு இருந்தால் அதற்கும் கீழே படியும். அந்தப் போத்தலின் படத்தையும், சாவிச் சோதனையில் என்ன நடந்தது என்பதையும், இழுவை குறைந்த நேரத்து ரெயில் அழுத்தத்தின் இரண்டு எண்களையும் அனுப்பினால், பம்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று இதைவிடத் திடமாகச் சொல்வேன்.